செவிலியர் பதிவுச் சட்டங்களும் செவிலியர் தலைமைக்குக் கிடைத்த அங்கீகாரமும்

செவிலியர் பதிவுச் சட்டம் என்பது, நோயாளிகளைப் பேணும் தொழிலில் ஈடுபடுவோரின் பயிற்சி, தேர்வு, பெயர்ப் பதிவு, தொழில் ஒழுக்கம் ஆகியவற்றை வரையறுத்து, அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுமத்தை நிறுவும் சட்டமாகும். தமிழ்நாட்டில் இதன் வரலாறு 1926 ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், தாதியர் சட்டத்தில் தொடங்குகிறது. உலக அளவில் நியூசிலாந்து (1901), அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் (1903), பிரித்தானியா (1919) ஆகியவை இதற்கு முந்தியவை.

இந்தச் சட்டங்களைப் படிப்போர் பெரும்பாலும் ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் இவ்வரலாற்றின் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. செவிலியரைப் பதிவு செய்யும் குழுமத்துக்கு யார் தலைவர்? செவிலியர் என்பவர் பயிற்சி பெற்ற தொழிலாளர் என்று சட்டமன்றங்கள் ஒப்புக்கொண்ட பிறகும், அத்தொழிலை நெறிப்படுத்தும் தலைமை இருக்கையில் ஒரு செவிலியர் அமரலாம் என்று ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. பிரித்தானியாவில் அது ஏழு ஆண்டுகளில் வழக்கத்தில் வந்தது. இந்தியாவில் மத்திய சட்டம் அதைத் தகுதியாகவே எழுதிவைத்தது 2023 ஆம் ஆண்டில்தான்.

பதிவு எதற்கு?

விழுப்புரத்தை அடுத்த காணை போன்ற ஓர் ஊரில் வெள்ளைச் சீருடை அணிந்தவர்கள் எல்லாரும் மக்களுக்கு "நர்சம்மா"தான். துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செய்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுபவர் கிராம சுகாதாரச் செவிலியர். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் வார்டில் ஊசியும் மருந்தும் கொடுப்பவர்கள் பட்டயமோ பட்டமோ பெற்ற செவிலியர்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தம் பார்ப்பவர்களில் பலர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். தனியார் மருத்துவமனையில் நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்பவர் உதவியாளர். பார்வைக்கு இவர்களுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. சட்டத்தின் பார்வையில் முதல் இரு வகையினர் மட்டுமே பதிவு பெற்றவர்கள். மருந்தில் பிழை நேர்ந்தால் குழுமத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர்கள். தேவைப்பட்டால் பெயர் நீக்கப்படக்கூடியவர்கள்.

துணைச் செவிலியர் பயிற்சி இரண்டு ஆண்டு. பொதுச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவிப் பட்டயம் மூன்று ஆண்டு. இளநிலைச் செவிலியப் பட்டம் நான்கு ஆண்டு. இவற்றை அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ முடித்தவர் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பேச்சு வழக்கில் இதை "நர்சிங் கவுன்சில்" என்பார்கள். பதிவான பிறகே பெயருக்குப் பின்னால் "ஆர்.என்., ஆர்.எம்." என்று போட்டுக்கொள்ள முடியும். அதாவது பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு உதவியாளர். வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவதும் இந்தப் பதிவுதான்.

இதில் ஏமாறுவோர் குறைவல்லர். ஆறு மாதம், ஓராண்டு என்று "நர்சிங்" சான்றிதழ் தரும் பயிற்சி நிலையங்கள் சிறு நகரங்களில் ஏராளம். பேருந்து நிலையச் சுவர்களில் அவற்றின் விளம்பரங்களைக் காணலாம். அங்கே படித்தவருக்கு ஏதாவது ஒரு மருத்துவமனையில் உதவியாளர் வேலை கிடைக்கலாம். ஆனால் குழுமத்தில் பதிவு கிடைக்காது. அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பிறகே இந்த வேறுபாட்டை அறிகிறார்கள். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படிப்பை முடித்தால் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குழுமம் வேறு, சங்கம் வேறு. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் செவிலியர்களின் நலனுக்காக அவர்களே நடத்தும் அமைப்பு. ஊதியம், பணி நேரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பேசுவது அதன் வேலை. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 சனவரியில் மத்திய அரசு குழு அமைக்கும்படி ஆணை பெற்றது அந்தச் சங்கமே. குழுமம் சட்டத்தால் பிறந்தது. அதன் முதற்கடமை பொதுமக்களை, அதாவது நோயாளியைப் பாதுகாப்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழுமத்திடம் சம்பள உயர்வு கேட்பதும், சங்கத்திடம் பதிவுச் சான்று கேட்பதும் வீண் அலைச்சல்.

எதெல் ஃபென்விக்கின் முப்பதாண்டுப் போராட்டம்

செவிலியர் பதிவுக்குச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை ஓர் இயக்கமாக மாற்றியவர் எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக். 1857 இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1881 இல், தமது 24 ஆம் வயதில், இலண்டனின் புகழ்பெற்ற புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரன் ஆனார். 1887 இல் மருத்துவர் பெட்ஃபோர்டு ஃபென்விக்கை மணந்ததும் வேலையை விட்டார். அக்காலத்தில் திருமணமான பெண் மேட்ரனாக நீடிக்க வழியில்லை. வேலையை விட்ட அதே ஆண்டில் பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். 1893 முதல் ஒரு செவிலியர் இதழைத் தம் பொறுப்பில் நடத்தினார். 1899 இல் அனைத்துலகச் செவிலியர் குழுமம் உருவாகவும் அவரே காரணமாக இருந்தார். இந்தியச் சங்கம் 1912 இல் அதில் இணைந்தது.

அவருடைய கோரிக்கை எளிமையானது. மருத்துவருக்கு 1858 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேடு இருக்கிறது. செவிலியருக்கும் அப்படி ஒன்று வேண்டும். குறைந்தது மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி, பொதுத் தேர்வு, அதன்பின் அரசு ஏற்ற பதிவேட்டில் பெயர். பதிவேட்டில் இல்லாதவர் தம்மைப் பதிவு பெற்ற செவிலியர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விளக்கேந்திய சீமாட்டி என்று பாடநூலில் படித்தவர்தான். நல்ல செவிலியரை ஆக்குவது அவருடைய குணநலன். அதைத் தேர்வு வைத்து அளக்க முடியாது. ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயர் அவர் பிற்பாடு எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சொல்லாது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நற்சான்று பெற்றவரெல்லாம் நல்லவர் அல்லர் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததே. ஆனால் பெரிய மருத்துவமனைகளின் நிருவாகிகள் எதிர்த்ததற்குக் காரணம் வேறு. பயிற்சிச் செவிலியர்கள் மலிவான உழைப்பாளிகள். வெளியார் ஒருவர் வந்து பயிற்சியின் தரத்தை அளப்பதை அவர்கள் விரும்பவில்லை.

1904-05 இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் தெரிவுக் குழு ஒன்று இதை ஆராய்ந்து பதிவுமுறைக்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. அப்போதும் சட்டம் வரவில்லை. ஆண்டுதோறும் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டு மடிந்தன.

இந்த இடத்தில் சென்னையோடு தொடர்புடைய ஒருவர் வருகிறார். 1908 இல் பிரபுக்கள் அவையில் செவிலியர் பதிவு மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் ஆம்ப்தில் பிரபு. இவர் 1900 இறுதி முதல் 1906 தொடக்கம் வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். 1904 இல் சில மாதங்கள் வைசிராய் பொறுப்பையும் வகித்தார். தென்னாப்பிரிக்க இந்தியர் உரிமைக்காக இலண்டனில் குரல் கொடுத்தவரும், ஜோசப் டோக் எழுதிய காந்தியின் முதல் வாழ்க்கை வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவரும் இவரே. மேலவையில் நிறைவேறிய அவருடைய மசோதா மக்களவையில் கரையேறவில்லை. 1914 இல் மீண்டும் ஒரு முயற்சி. அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

போர் ஒருவகையில் வழியைத் திறந்தது. போர்முனை மருத்துவமனைகளில் செவிலியரின் உழைப்பை நாடே பார்த்தது. கூடவே, சில வாரப் பயிற்சியோடு சீருடை அணிந்து வந்த தன்னார்வலர்களுக்கும் முழுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடும் வெளிப்பட்டது. 1918 இல் முப்பது வயதைக் கடந்த பெண்கள் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டு, சுகாதார அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் அரசின் சார்பிலேயே மசோதா கொண்டுவந்தார். 1919 திசம்பர் 23 அன்று அது சட்டமானது. 1921 இல் பதிவேடு திறக்கப்பட்டபோது முதலாம் எண்ணுக்கு உரியவராகப் பதிவானவர் எதெல் ஃபென்விக்.

முதல் எண் கிடைத்தது, தலைமை கிடைக்கவில்லை

சட்டப்படி 1920 இல் அமைந்த இங்கிலாந்து, வேல்சு பொதுச் செவிலியர் குழுமத்தில் 25 பேர். அவர்களில் 16 பேர் செவிலியர். பெரும்பான்மை செவிலியருடையதாக இருந்தும் தலைவராக அமர்ந்தவர் பிரீஸ்ட்லி என்ற வழக்கறிஞர். 1922 இல் அவருக்குப் பின் வந்தவர் சர் வில்மாட் ஹெரிங்ஹாம் என்ற மருத்துவர். ஃபென்விக்குக்குப் பதிவுக் குழுவின் தலைமை மட்டும் கிடைத்தது.

அதிலும் அவரால் நீடிக்க முடியவில்லை என்பதற்கு அவர் குணமும் ஒரு காரணம். ஒவ்வொரு விண்ணப்பத்தின் சான்றிதழ்களையும் அவரே நேரில் சரிபார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் தேங்கின. 1921 இறுதியில் தலைவர் உட்படக் குழுமத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் அளவுக்குப் பூசல் முற்றியது. அடுத்து வந்த முதல் தேர்தலில், பதிவேட்டில் இடம்பெற்ற செவிலியர்களே வாக்களித்தபோது, ஃபென்விக் தோற்றார். முப்பது ஆண்டுகள் உழைத்துக் கொண்டுவந்த சட்டம் தந்த வாக்குரிமையே அவரை வெளியேற்றியது. இதை நன்றிகெட்ட செயல் என்று சொல்வோர் உண்டு. பதிவு பெற்ற செவிலியர் தம் பிரதிநிதியைத் தாமே தெரிவு செய்ய வேண்டும் என்று கேட்டவரும் அவரே என்பதை நினைத்தால், சட்டம் சரியாக வேலை செய்தது என்றும் சொல்லலாம்.

அக்குழுமத்தின் தலைமை இருக்கையில் ஒரு செவிலியர் முதன்முதலாக அமர்ந்தது 1926 இல். அவர் எல்லன் மஸ்சன், பர்மிங்காம் பொது மருத்துவமனையின் முன்னாள் மேட்ரன். சண்டை போடாமல் வேலையை முடிப்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை அவரே தலைவராகத் தொடர்ந்தார். முதல் எண் ஒருவருக்கும் முதல் இருக்கை மற்றொருவருக்கும் போய்ச் சேர்ந்தன.

நியூசிலாந்தின் கதை இவ்வளவு நீண்டதன்று. அங்கே மருத்துவமனைகளின் உதவி ஆய்வாளராக அரசுப் பணியிலேயே இருந்த கிரேஸ் நீல் என்ற செவிலியர் சட்ட வரைவுக்கு உந்துதலாக இருந்தார். 1901 இல் சட்டம் வந்தது. 1902 சனவரியில் எல்லன் டௌகர்ட்டி உலகிலேயே அரசுச் சட்டப்படி பதிவான முதல் செவிலியர் ஆனார். அதிகாரத்தின் உள்ளே ஒரு செவிலியர் இருந்தால் வேலை எவ்வளவு விரைவில் முடியும் என்பதற்கு அந்நாடு எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் பதிவு மாநிலங்களின் பொறுப்பு. ஒவ்வொரு மாநிலத்திலும் செவிலியர் வாரியம் இருக்கிறது. நீண்ட காலம் அதன் நிருவாகப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெறுபவரைப் பாராட்டி மாநிலச் சட்டமன்றங்கள் பெயர் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றும் வழக்கமும் அங்கே உண்டு. அது மரியாதைக்குரிய சடங்கு, நல்ல சடங்கும்கூட. ஆனால் பாராட்டுத் தீர்மானம் ஒரு மனிதருக்கானது. பதவிக்கான தகுதியைச் சட்டத்தில் எழுதுவது அடுத்தடுத்து வரும் எல்லாருக்குமானது.

சென்னை மாகாணம், 1926

சென்னையில் செவிலியர் பயிற்சி, பதிவுச் சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. இன்று எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை என்று அறியப்படுவது 1844 இல் தொடங்கப்பட்டது. 1854 முதல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரப்பட்டது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871 இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் 1909 இல் டெலியா ஹாட்டன் செவிலியர் பள்ளியை நிறுவினார். மிஷன் மருத்துவமனைகள் தமக்குள் ஒரு தேர்வு வாரியம் அமைத்துப் பொதுத் தேர்வு நடத்தின. ஆனால் ஒரு பள்ளியின் சான்றிதழை மற்றொரு மருத்துவமனை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

1919 ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தத்தால் வந்த இரட்டை ஆட்சி முறையில் மருத்துவமும் பொது சுகாதாரமும் இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் வந்தன. சென்னையில் நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1926 ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாகச் சென்னை செவிலியர், தாதியர் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களில் முன்னோடி இது. வங்காளம் 1934 இலும் பம்பாய் 1935 இலும் பின்தொடர்ந்தன. இப்போதைய விழுப்புரம் மாவட்டப் பகுதி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே அப்பகுதி மருத்துவமனைகளும் தொடக்கத்திலிருந்தே இச்சட்டத்தின் கீழ் இருந்தன. 1969 இல் மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு சட்டமும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் சட்டம் ஆயிற்று.

இச்சட்டம் பெரும்பாலும் பெண்களைப் பற்றியது. அதை நிறைவேற்றிய சட்டமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921 இல் வாக்குரிமை கிடைத்தபோதிலும், உறுப்பினராக அமரும் உரிமை 1926 இல்தான் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலை அடுத்து நியமனம் பெற்ற மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியே அவையின் முதல் பெண். சில மாதங்கள் முன்னதாக அவர் வந்திருந்தால் விவாதம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சட்டத்தின் பெயரில் தாதியர் இடம்பெற்றது சிறப்பான செய்தி. அக்காலத்தில் பெரும்பாலான பேறுகள் வீட்டிலேயே நடந்தன. ஊர் மருத்துவச்சிக்குக் கைப்பழக்கம் இருந்தது; பயிற்சி இல்லை. பயிற்சி பெற்ற தாதியை வேறுபடுத்திக் காட்டுவதற்குப் பதிவேடே வழி. இன்றைய கிராம சுகாதாரச் செவிலியர் பணியின் வேர் அந்தத் "தாதியர்" என்ற சொல்லில் இருக்கிறது. சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் அவர்கள் இன்று பணிபுரிகிறார்கள்.

தலைமையைப் பொறுத்தவரை இந்திய மாநிலங்கள் பலவற்றில் நிலைமை ஒன்றே. செவிலியர் குழுமத்தின் தலைவர் பதவி, மருத்துவத் துறையின் உயர் அதிகாரிக்குப் பதவிவழியாகச் சென்றது. அவர் மருத்துவர். செவிலியர் ஒருவர் பதிவாளராக இருந்து அன்றாட வேலைகள் அனைத்தையும் செய்வார். கையொப்பமும் தலைமையும் வேறிடத்தில் இருக்கும். மருத்துவர்கள் தீயெண்ணத்தோடு இப்படிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. மருத்துவமனை அடுக்கில் செவிலியர் மருத்துவருக்குக் கீழே என்ற பழக்கம் குழுமத்திலும் அப்படியே ஏறிக்கொண்டது. ஆனால் மருத்துவக் குழுமத்துக்கு ஒரு செவிலியரைத் தலைவராக்க யாரும் எண்ணியதில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்துபார்த்தால் பிரச்சினை உடனே விளங்கும்.

1947 ஆம் ஆண்டுச் சட்டம்

எதெல் ஃபென்விக் 1947 மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டின் கடைசி நாளான திசம்பர் 31 அன்று இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு வெளியான போர் குழு அறிக்கை, நாட்டில் சுமார் 7,000 பயிற்சி பெற்ற செவிலியரே இருப்பதாகவும், 43,000 பேருக்கு ஒருவர் என்பதே விகிதம் என்றும் காட்டியிருந்தது. ஆளே இல்லாத துறைக்குத் தரத்தை வரையறுக்க வேண்டிய நிலையில் அச்சட்டம் பிறந்தது. மாநிலத்துக்கு மாநிலம் பயிற்சி வேறுபட்டதால் பொதுத் தரம் ஒன்றை ஏற்படுத்துவதே அதன் நோக்கம்.

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்தால் யார் யாருக்கு இருக்கை ஒதுக்கப்பட்டது என்பது தெரியும். ஒவ்வொரு மாநிலக் குழுமமும் தெரிவு செய்யும் ஒரு செவிலியர். பயிற்சி நிறுவனத் தலைவர்களின் பிரதிநிதிகள். செவிலியர் சங்கத்தின் பிரதிநிதி. மகப்பேறு உதவியாளர் ஒருவர். இராணுவச் செவிலியர் சேவையின் தலைமை மேட்ரன். மறுபுறம் மருத்துவக் குழுமத்தின் பிரதிநிதி, இந்திய மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதி, நலவாழ்வுப் பணிகள் தலைமை இயக்குநர், ஒவ்வொரு மாநிலத்தின் தலைமை மருத்துவ நிருவாக அதிகாரி, நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவர். மாநிலங்கள் பெருகப் பெருக இருபுறமும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. தலைவர் உறுப்பினர்களுக்குள்ளிருந்து தெரிவாக வேண்டும். அவர் செவிலியராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. செவிலியர்கள் தலைவராக வந்ததும் இச்சட்டத்தின் கீழ்தான்.

இந்தக் காலத்தின் பெயர்களில் டி. கே. அட்ரன்வாலா குறிப்பிடத்தக்கவர். விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் மத்திய சுகாதாரத் துறையில் செவிலியத்துக்கான உயர் பொறுப்பில் இருந்தவர். செவிலியக் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1946 இல் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தது. தில்லியிலும் அதே ஆண்டில் தொடங்கியது. பட்டம் வந்ததால்தான் பின்னாளில் முதுநிலையும் ஆய்வும் வந்தன. தலைமைப் பதவிக்குத் "தகுதியான செவிலியர் இல்லை" என்று சொல்வதற்கு அதன்பின் காரணம் இல்லாமல் போயிற்று.

2023 ஆம் ஆண்டுச் சட்டம்

தேசியச் செவிலிய, மகப்பேறு உதவி ஆணைய மசோதா 2023 சூலை 28 அன்று மக்களவையிலும் ஆகத்து 8 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, அம்மாதமே சட்டமாயிற்று. இது 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடிப்பதற்காக இயற்றப்பட்டது. பிரித்தானியாவில் முப்பது ஆண்டு விவாதித்த செய்தி இங்கே மணிப்பூர் தொடர்பான அமளியின் நடுவே, அதிக விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நீண்ட விவாதம் நடந்திருந்தால் இச்சட்டத்தின் சில பகுதிகள் செம்மைப்பட்டிருக்கும். விவாதம் இல்லாததாலேயே மக்களிடமும் மாணவர்களிடமும் செய்தி போய்ச் சேரவில்லை.

சட்டப்படி தேசிய ஆணையத்தில் 29 உறுப்பினர்கள். தலைவருக்கு உரிய தகுதியே இங்கு முதன்மையான செய்தி: செவிலியம், மகப்பேறு உதவி ஆகியவற்றில் முதுநிலைப் பட்டமும் குறைந்தது 20 ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். ஒரு செவிலியரே இப்பதவிக்கு வர முடியும் என்பதை இத்தகுதி உறுதிசெய்கிறது. 1920 இல் இலண்டனில் வழக்கறிஞருக்குப் போன இருக்கை, 1926 இல் எல்லன் மஸ்சனுக்கு வாக்கெடுப்பால் கிடைத்த இருக்கை, இங்கே சட்டத்தின் சொற்களாலேயே செவிலியருக்கு உரியதாகிறது.

ஆணையத்தின் கீழ் மூன்று தன்னாட்சி வாரியங்கள் உண்டு. ஒன்று கல்வியையும், மற்றொன்று நிறுவனங்களின் மதிப்பீட்டையும், மூன்றாவது தொழில் ஒழுக்கத்தையும் பதிவையும் கவனிக்கும். மாநிலங்களில், மாநிலச் சட்டத்தின்படி ஏற்கெனவே ஆணையம் இல்லாத இடத்தில், புதிய மாநில ஆணையம் அமைக்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. பழைய சட்டத்தில் மாநிலக் குழுமங்கள் தெரிவு செய்து அனுப்பிய செவிலியர்கள் இருந்தார்கள். புதிய ஆணையத்தில் நியமனமே முதன்மை பெறுகிறது. ஃபென்விக்கைத் தோற்கடித்த அந்த வாக்குச்சீட்டுக்கு இங்கே இடம் குறைவு. தலைவர் செவிலியராக இருப்பார். அவரை அமர்த்துவது அரசு. இரண்டும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பதிவேட்டைப் பொறுத்தவரை, மாநிலப் பதிவேடும் தேசியப் பதிவேடும் இணைந்து இயங்கும். பதிவின்றிச் செவிலியராகத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காணையின் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் செவிலியரின் பெயரும், முண்டியம்பாக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரின் பெயரும், தில்லியில் ஆணையத்தின் தலைமை இருக்கையில் அமர்பவரின் பெயரும் ஒரே தேசியப் பதிவேட்டில் இடம்பெறும் வகையில் சட்டம் எழுதப்பட்டுள்ளது.